ஜூனில் தேவை, மார்ச்சில் வரவு

விருதுநகர் விருதுப்பட்டியாக இருந்த நாட்களில், அந்த ஊர்ப் பெண்கள் உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பார்கள். வீடு வீடாகச் சேர்ந்த அந்தப் பிடியரிசி பள்ளிக்கூடச் செலவுக்குப் போகும். அப்படி நடந்த சத்திரிய வித்யாசாலையில்தான் காமராசர் படித்தார். கொடுத்தவர்களும் பணக்காரர்கள் இல்லை. ஒரு பிடி குறைந்தால் வீட்டில் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்ற கணக்குதான் அதன் அடிப்படை. அந்த உதவி பள்ளியின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. பிள்ளை அதைத் தேடி எங்கும் போகவில்லை.

இன்றைய கணக்கு ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை 52,085 குடும்பங்களில் 57,742 மாணவர்களைப் பற்றி விசாரித்து, பள்ளிக் கல்விச் செலவு குறித்த கணக்கெடுப்பை ஆகஸ்டில் வெளியிட்டது. அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2,863 ரூபாய் செலவாகிறது. அரசு சாராத பள்ளிகளில் 25,002 ரூபாய். இந்தப் பணத்துக்கு முதன்மையான மூலம் எது என்று கேட்டபோது, செலவு செய்த மாணவர்களில் 95 விழுக்காட்டினர் குடும்பத்தினரையே சொன்னார்கள். அரசின் உதவித்தொகையைச் சொன்னவர்கள் 1.2 விழுக்காடு.

இந்த 1.2 என்ற எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். வீட்டார் கையிலிருந்து போன பணத்தைப் பற்றிய கேள்வி இது. பள்ளியில் பொருளாகக் கிடைத்த பாடநூலும் சீருடையும் மதிய உணவும் இதற்குள் வராது. எனவே, அரசு எதுவும் செய்யவில்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பணமாகத் தரப்படும் உதவி, குடும்பத்துக்குப் பணம் தேவைப்படும் இடத்தில் இல்லை என்று மட்டும் சொல்லலாம். அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நான் வந்தடைந்த விடை இது: ஒரு கல்வி உதவியின் மதிப்பை அதன் தொகை மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த வாசலுக்கு வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இலவசத்துக்குள் அடங்காதது

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வியைப் படித்து முடிக்கத் தடையாக இருக்கக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் குழந்தையின் மீது சுமத்தக் கூடாது என்கிறது. கட்டணத்தோடு செலவு என்ற சொல்லும் அதில் இருக்கிறது. நடைமுறையில் நாம் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, செலவை வீட்டிடம் விட்டுவிட்டோம்.

இதற்கு நல்ல உதாரணம் சிறுபான்மையினருக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகை. முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் அறிக்கை தந்த பிறகு, 2008இல் தொடங்கிய திட்டம் அது. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு அதை 9, 10ஆம் வகுப்புகளோடு நிறுத்திக்கொண்டது. எட்டாம் வகுப்பு வரைதான் சட்டப்படி இலவசக் கல்வி இருக்கிறதே, பிறகு எதற்கு உதவித்தொகை என்பது சொல்லப்பட்ட காரணம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அதில் ஆண்டுக்குக் கிடைத்தது 1,000 ரூபாய். அது கட்டணத்துக்கான பணமே இல்லை. நோட்டு, செருப்பு, மழைக்காலத்தில் குடை, பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை என்று போகிற பணம்.

ஒரு கூலிக் குடும்பத்தின் மே மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். பிள்ளை ஆறாம் வகுப்புக்கோ ஒன்பதாம் வகுப்புக்கோ வேறு பள்ளிக்கு மாறுகிறது. மாற்றுச் சான்றிதழ், புகைப்படம், நகலெடுப்பு, சீருடைக்குத் தையல் கூலி, பேருந்து அட்டை கையில் வரும்வரை தினசரிக் கட்டணம், பத்தாம் வகுப்பானால் கைடு, டியூஷன் முன்பணம். ஒவ்வொன்றும் சிறு தொகை. ஆனால் எல்லாம் ஒரே பத்து நாட்களுக்குள் வருகின்றன. கோடையில் வேலை குறைந்து, கையிருப்பு கரைந்திருக்கும் நேரமும் அதுதான். நகை அடகுக்குப் போவதும், மகளிர் குழுவில் கடன் கேட்பதும், சீட்டைத் தள்ளி எடுப்பதும் இதற்காகத்தான். மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி நாட்டில் பள்ளி மாணவர்களில் 27 விழுக்காட்டினர் தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். கட்டணமே வாங்காத பள்ளியிலும் படிப்புக்கு விலை இருக்கிறது என்பதற்கு இந்த எண் ஒரு சாட்சி.

சோற்றில் தொடங்கிய பாடம்

பள்ளிச் செலவில் ஏழைக்கு உதவுவதில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டு அனுபவம் இருக்கிறது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த அந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை, 1924-25இல் 1,671 ஆயிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட ஆங்கிலேய அரசு அனுமதிக்காததால் 1925இல் திட்டம் நின்றது. படிப்புக்கான நிதியில் சோறு போடலாமா என்ற அன்றைய கேள்வியும், கல்விதான் இலவசமாயிற்றே என்ற 2022இன் கேள்வியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. படிப்பை வகுப்பறைக்குள் மட்டும் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் அவை.

1950களின் நடுவில் காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் தலைவராகவும் இருந்தபோது மதிய உணவு மாநிலமெங்கும் பரவியது. தொடக்கத்தில் ஊர்மக்கள் தந்த நெல்லும் பணமும்தான் மூலதனம்; பிறகு அரசு தன் பங்கைச் சேர்த்தது. ஒரு வகையில் அது பிடியரிசியின் விரிவு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், முழுப் பொறுப்பையும் அரசின் தலையில் வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும், 1984இல் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கும் அது நீண்டது. அரசுத் தொடக்கப் பள்ளி, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி எல்லாவற்றிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது 2001 நவம்பரில்தான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளில் முதலில் நடந்து, அடுத்த ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது.

உணவோடு பாடநூல், நோட்டு, நான்கு இணைச் சீருடை, காலணி, புத்தகப் பை, வண்ணப் பென்சில், வடிவியல் பெட்டி, பேருந்து அட்டை, மேல்நிலையில் மிதிவண்டி என்று பட்டியல் வளர்ந்தது. இவற்றைத் தேர்தல் இலவசம் என்று ஏளனம் செய்வோர் கவனிக்காத ஒரு பண்பு இவற்றில் இருக்கிறது. இவற்றைப் பெறப் பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பள்ளிக்கு வருவது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் தட்டில் இட்லி விழும். அப்பாவின் சம்பளம் என்ன என்று சமையல்காரம்மா கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைக்கும் அது தெரியாது. உதவி பெறுவது வெட்கப்பட வேண்டிய காரியமாக ஆகாமல் போனதற்கு இந்தச் சமபந்தி ஒரு முக்கியக் காரணம்.

காகிதத்தில் ஏழையாவது

பணமாக வரும் உதவி வேறு பாதையில் நடக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேல்நிலை, உயர்கல்வி உதவித்தொகை இந்தியாவின் மிகப் பழைய கல்வி உதவிகளில் ஒன்று, 1944இலிருந்து நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதி வென்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைக்கு வரம்பு 3.5 லட்சம்.

வரம்பு என்று ஒன்று வந்தால் அதற்குச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகிறது. கணினி வழியில் போகிறது என்றாலும், வி.ஏ.ஓ. நேரில் வரச் சொன்னால் போகத்தான் வேண்டும். அன்று வேலை போயிற்று. சான்றிதழின் ஆயுள் ஓராண்டு. ஏழ்மை ஓராண்டில் காலாவதியாகிவிடும் என்று அரசு நம்புவதுபோல, அடுத்த ஆண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் காகிதத்தில் எழுதப்படும் எண்ணையும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. சித்தாள் வேலைக்கும் களை எடுக்கவும் போகிறவருக்கு என்ன இருக்கிறது? அலுவலர் மதிப்பிட்டு ஓர் எண்ணை எழுதுகிறார். கணவன் மனைவி இருவரும் கட்டட வேலைக்குப் போய், நாளுக்கு 800, 500 என்று வாங்கி, மாதம் இருபது நாள் வேலை கிடைத்தால் ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். உண்மையைச் சொன்னால் 2.5 லட்ச வரம்புக்கு வெளியே நிற்பார்கள். வாடகையும் வட்டியும் போக மிஞ்சுவது என்ன என்று வரம்பு கேட்பதில்லை. ஆகவே வரம்புக்குள் ஓர் எண் எழுதப்படுகிறது. எல்லோருக்கும் அது தெரியும். ஏழையை அளக்க வந்த கருவி, ஏழையைச் சின்னப் பொய் சொல்ல வைக்கும் கருவியாக மாறிவிட்டது.

சான்றிதழ் கிடைத்த பின் வங்கிக் கணக்கு, கணக்கோடு ஆதார் இணைப்பு, இணையதளப் பதிவு. நம் ஊர்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அது ஆதாரில் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பள்ளிப் பதிவேட்டில் முன்னால் இருக்கிறது, வங்கியில் விரித்து எழுதப்பட்டிருக்கிறது. மூன்றும் பொருந்தாவிட்டால் பணம் திரும்பிவிடும். தலைமை ஆசிரியர்கள் பாடம் நடத்தும் நேரத்தில் இந்த இனிஷியல்களைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு வரும் தொகை என்ன? 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பதினோராம் வகுப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியருள் ஒருவராக வென்ற பிள்ளைக்குத் தமிழ்நாடு தருவது ஆண்டுக்கு 1,000 ரூபாய்; மாதத்துக்கு வகுத்தால் 83. பரிசுக்குரிய மதிப்பு அதற்கு இருக்கலாம். செலவுக்கு உதவி என்று அதைச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

காலம் தவறிய பணம்

தொகை சிறிதாக இருந்தாலும் பள்ளி திறக்கும் வாரத்தில் வந்தால் ஓர் அடகைத் தவிர்க்கும். ஆனால் உதவித்தொகை பெரும்பாலும் கல்வியாண்டின் கடைசியில், சில நேரம் அது முடிந்த பிறகு வருகிறது. இதற்கு அலட்சியம் மட்டும் காரணம் இல்லை. திட்டத்தின் கட்டமைப்பிலேயே தாமதம் இருக்கிறது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகைக்கு ஐந்தாண்டுகளில் 35,534 கோடி ரூபாய் ஒதுக்கி, செலவை ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்று பகிர்ந்துகொள்ளும்படி செய்தது. நான்கு கோடி மாணவர்களை எட்டும் இலக்கு. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் மாநிலம் தன் 40 பங்கைச் செலுத்திய பிறகுதான் ஒன்றியத்தின் 60 பங்கு மாணவர் கணக்குக்குப் போகும். ஜூனில் சேர்க்கை, பிறகு சான்றிதழ், பள்ளி ஒப்புதல், மாவட்ட ஒப்புதல், மாநிலப் பங்கு, அதன்பின் ஒன்றியப் பங்கு. வரிசையாக நிற்கும் இந்தக் கதவுகள் ஒவ்வொன்றும் ஒரு மாதம் எடுத்தாலே தீபாவளி தாண்டிவிடும்.

பணம் வரும் காலம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 2005இல் தொடங்கிய ஒரு சோதனை காட்டியது. ஏழைக் குடும்பத்து மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு உதவித்தொகை முழுவதையும் சீரான தவணைகளில் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு மூன்றில் இரண்டு பங்கை அவ்வாறு கொடுத்து, மிச்சத்தைச் சேர்த்துவைத்து, அடுத்த ஆண்டுக்குப் பெயர் பதியும் நேரத்தில் மொத்தமாகக் கொடுத்தார்கள். வருகைப் பதிவு இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கூடியது. ஆனால் அடுத்த ஆண்டும் படிப்பைத் தொடர்ந்தவர்கள் இரண்டாம் பிரிவில் அதிகம். ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவாகவில்லை. நாள் மட்டும் மாறியது.

தமிழ்நாட்டில் இதற்கு எதிர்த்திசையில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2011-12இல் அறிமுகமான சிறப்பு ஊக்கத்தொகை, 10ஆம், 11ஆம் வகுப்புகளுக்குத் தலா 1,500, 12ஆம் வகுப்புக்கு 2,000 என்று மொத்தம் 5,000 ரூபாயைப் பிள்ளையின் பெயரில் போட்டுவைத்து, பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு வட்டியோடு தருகிறது. இடைநிற்றலைத் தடுப்பதுதான் நோக்கம். ஆனால் பதினோராம் வகுப்பில் சேர வழியில்லாமல் நிற்கும் பிள்ளைக்கு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் வரப்போகும் பணம் எப்படி உதவும்? கரையேறியவருக்குக் கயிறு வீசுவது போன்றது அது.

நாளை மாற்றித் திருத்திக்கொண்ட நல்ல உதாரணமும் இங்கேயே இருக்கிறது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திட்டம், படித்த ஏழைப் பெண்ணுக்குத் திருமணத்தின்போது உதவியது. பின்னாளில் பட்டதாரி மணமகளுக்கு 50,000 ரூபாயும் 8 கிராம் தாலித் தங்கமும் என்று அது வளர்ந்தது. 2022 செப்டம்பர் 5 முதல் அதே நிதி புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அவள் கணக்கிலேயே விழுகிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் அதை ஆண்களுக்கும் கொண்டுவந்தது. இரண்டிலும் வருமான வரம்பு இல்லை. அரசுப் பள்ளியில் படித்ததே சான்று. கல்யாண மேடையில் கிடைத்த பணம் கல்லூரிப் பேருந்துக்கு வந்துவிட்டது. வாசலும் நாளும் ஒருசேர மாறிய அரிய சீர்திருத்தம் இது.

வயது ஏற ஏற

பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போவதால் வீடு இழக்கும் வருமானம் ஏதுமில்லை. பதினைந்து வயதில் நிலைமை வேறு. மெக்கானிக் கடையும் பனியன் கம்பெனியும் பட்டறையும் அவனைக் கூப்பிடுகின்றன. கொங்கு மாவட்டங்களிலும் திண்டுக்கல் பக்கமும் நூற்பாலைகள் பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு வேலைக்கு எடுத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலி முறையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏழைத் தகப்பனின் கவலை எந்த நாளில் இருக்கிறது என்பதை ஆலைகள் சரியாகக் கணித்திருந்தன. பள்ளி அவர்களோடு போட்டியிட வேண்டியிருந்தது, கையில் எதுவும் இல்லாமல்.

மெக்சிகோ 1997இல் தொடங்கிய புரோகிரெசா திட்டம் இதைப் புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்டது. உதவித்தொகை வகுப்பு ஏற ஏறக் கூடும். இடைநிலை வகுப்புகளில் பெண்பிள்ளைக்கு ஆண்பிள்ளையைவிடச் சற்று அதிகம். பணம் தாயின் கையில். நம் உதவிகளின் அடர்த்தியோ தொடக்கப் பள்ளியில் அதிகமாகவும், மேலே போகப் போக மெலிந்தும் இருக்கிறது. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. சட்டம் தரும் இலவச உரிமை எட்டாம் வகுப்போடு நிற்கிறது. செலவு அங்கேதான் ஏறத் தொடங்குகிறது.

மேல் வகுப்பிலும் சரியான பொருள் சரியான நாளில் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பீகார் சாட்சி. 2006இல் அந்த மாநிலம் ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் தந்தது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் விகிதம் 32 விழுக்காடு உயர்ந்தது. ஆண், பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி. தமிழ்நாடு 2001-02இலேயே ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு மிதிவண்டி கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அது பதினோராம் வகுப்பில். வாசல் சரி, நாள் இரண்டாண்டு தள்ளி.

தனியார் பள்ளி வாசலில்

உதவியின் இன்னொரு கிளை, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 விழுக்காடு இடம். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் உள்ள, பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு எல்.கே.ஜி.யில் குலுக்கல் முறையில் இடம் கிடைக்கும். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும்: அரசு ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, பள்ளியின் உண்மையான கட்டணம் இரண்டில் எது குறைவோ அது.

இதில் ஏழை நிற்கும் இடம் அரசுக்கும் பள்ளிக்கும் நடுவில். 2024-25க்குரிய 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை ஒன்றிய அரசு தராமல் நிறுத்தியபோது, ஒன்றியத்தின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடாததற்கான தண்டனை என்று மாநில அரசு குற்றம்சாட்டியது; வழக்கு நீதிமன்றம் போனது. இந்த இழுபறியில் 2025-26ஆம் ஆண்டுக்கான 25 விழுக்காட்டுச் சேர்க்கை ஜூனில் நடக்கவில்லை, அக்டோபரில்தான் தொடங்கியது. நான்கு மாதம் எந்த எல்.கே.ஜி. பிள்ளை வீட்டில் காத்திருக்கும்? முடிந்தவர்கள் கடன் வாங்கிக் கட்டினார்கள். முடியாதவர்கள் அந்த ஆசையை விட்டார்கள். எட்டாம் வகுப்பு முடிந்ததும் சட்டத்தின் கை விலகும்போது, பத்தாண்டு அங்கேயே படித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக் கட்டணத்தின் முன் நிற்கிறது. அந்த வாசலைத் திறந்துவிட்டவர்கள் அதன் அடுத்த படியைப் பற்றி யோசிக்கவில்லை.

எல்லோருக்குமா, ஏழைக்கு மட்டுமா?

வரம்பில்லாமல் கொடுத்தால் வசதியுள்ளவர்களும் வாங்கிக்கொள்வார்களே என்பது நியாயமான கேள்வி. பொது விநியோகத்தில் இதே கேள்வி 1997இல் எழுந்தது. பல மாநிலங்கள் வறுமைக்கோட்டுப் பட்டியலுக்குள் போனபோது, தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. அரசுப் பள்ளியைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் எளிது. வசதியுள்ளவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே வெளியேறிவிட்டார்கள். அரசுப் பள்ளியின் வருகைப் பதிவேடு, வட்டாட்சியர் அலுவலகக் கோப்பைவிட நம்பகமான ஏழைகளின் பட்டியல்.

நிபந்தனை இல்லாவிட்டால் பணம் வேறு செலவுக்குப் போய்விடும் என்ற அச்சமும் உண்டு. மொராக்கோவில் 2008இல் தொடங்கிய தைசீர் திட்டத்தின் சோதனை இதற்கு விடை தருகிறது. சில ஊர்களில் பிள்ளையின் வருகையைக் கணக்கிட்டுப் பணம் கொடுத்தார்கள். சில ஊர்களில் இது படிப்புக்கான பணம் என்று பெயர் சொல்லி, நிபந்தனை இல்லாமல் கொடுத்தார்கள். பெயர் மட்டும் சொல்லிக் கொடுத்த பணம், நிபந்தனைப் பணத்துக்குக் குறையாமல் இடைநிற்றலைத் தடுத்தது. பள்ளிக்கூடத்தின் பெயரில் வந்த பணத்தைப் பெற்றோர் பள்ளிக்கூடப் பணமாகவே நடத்தினார்கள்.

பள்ளி வழியாக வரும் உதவிக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் பதிவேட்டில் இல்லாத பிள்ளையை அது எட்டாது. செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு பாதி ஆண்டு போய்விடும் பிள்ளை, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் வளரும் பிள்ளை, இவர்கள் இரு ஊர்ப் பதிவேட்டிலும் இல்லாமல் போகிறார்கள். இவர்களுக்குச் சான்றிதழ் வழியும் அடைபட்டதுதான். பிள்ளை போகும் ஊர்ப் பள்ளியில் அன்றே பெயர் சேர்த்து, அன்றே சீருடையும் நோட்டும் கொடுக்கத் தலைமை ஆசிரியருக்கு அதிகாரமும் கையிருப்பும் தருவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

செய்யக்கூடியவை

புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. இருப்பவற்றின் நாளையும் வாசலையும் மாற்றினால் போதும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவருக்கு ஆண்டுதோறும் வருமானச் சான்று கேட்பதை நிறுத்தி, ஆறாம் வகுப்பிலும் ஒன்பதிலும் பதினொன்றிலும் மட்டும் சரிபார்க்கலாம். மாநிலப் பங்கு, ஒன்றியப் பங்கு என்ற கணக்கை அரசுகள் தங்களுக்குள் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும். சென்ற ஆண்டுப் பட்டியலை வைத்து மாநிலம் ஜூன் முதல் வாரத்திலேயே முன்பணமாகக் கொடுத்துவிடலாம். சிறப்பு ஊக்கத்தொகையைப் படிப்பு முடியும்வரை பூட்டிவைக்காமல், பத்திலிருந்து பதினொன்றுக்கும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் போகும் நாளில் அந்தந்த ஆண்டுப் பங்கைக் கையில் கொடுக்கலாம். மிதிவண்டியை ஒன்பதாம் வகுப்புக்கு நகர்த்தலாம். தொகைகளை விலைவாசியோடு கட்டலாம். 1,000 ரூபாய் என்று ஒருமுறை எழுதியது கல்வெட்டாகிவிடக் கூடாது.

உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தேசிய அளவில் 28.4 ஆக இருந்த 2021-22இல் தமிழ்நாட்டில் 47 ஆக இருந்தது. ஓரணாச் சிற்றுண்டியிலிருந்து காலை உணவு வரை நூறாண்டாகப் பள்ளி வாசலில் வைத்துக் கொடுத்ததற்கு அதில் பங்கு உண்டு. மிச்சமிருப்பவர்கள், பதிவேட்டில் பெயர் இருந்தும் பதினோராம் வகுப்பின் முதல் நாளில் வராமல் போகிறவர்கள். அவர்களில் பலருடைய பெயர் ஏதோ ஒரு உதவித்தொகைப் பட்டியலில் ஒப்புதல் பெற்றே இருக்கும். மார்ச்சில் அந்தப் பணம் வரும். அதற்குள் ஜூனில் வாங்கிய கடனுக்கு ஒன்பது மாத வட்டி ஏறியிருக்கும்.